ஜெபத்தில் தோன்றிய பாக்கெட்

ரோஸியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் மாப்பிள்ளை டேனி இருப்பான், கேக் இருக்கும், பெரிய ரோஜா மாலை இருக்கும், மாலைக்கு மேலே நேராக எடுத்த ஒரு வகிடு இருக்கும். அந்த வகிடுதான் ரோஸி. போட்டோக்காரர் தமிழில் கெஞ்சினார், இந்தியில் கெஞ்சினார், கடைசியில் மராத்தியில் பொதுவாக யாரையோ திட்டினார். வகிடு நிமிரவில்லை. ஆல்பத்தில் கேக்குக்கு மட்டும் இத்தனை பக்கம் எதற்கு என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பாவம், அவர் வேறு எதைத்தான் எடுப்பார்.

மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, நாலு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டவள் அவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டாள். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நிற்கத்தான் வரவில்லை. பாடம் வாசிக்கச் சொல்லி டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயம் பார்த்து அம்மா ஒரு மூட்டைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கார்கானா என்கிற தையல் பட்டறையில் தைத்து முடித்த சட்டைகளில் அங்கங்கே மிச்ச நூல் தொங்கும். அதை ஒட்ட வெட்டிக் கொடுக்க வேண்டும். தாகா கட்டிங் என்று பெயர். உட்கார்ந்த இடத்தில், தலை குனிந்தபடி, யாரும் பெயரைக் கூப்பிடாமல் செய்யக்கூடிய வேலையும் உலகத்தில் உண்டு என்று ரோஸிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் அவள் பள்ளிக்கூடத்தைத் தேடவில்லை. பள்ளிக்கூடமும் அவளைத் தேடவில்லை.

இப்போதும் அதே வேலைதான். வீட்டு வாசலில் ஒரு திரை தொங்கும். துவைத்துத் துவைத்துச் சுருங்கியதில் அது முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நூல் வெட்டும் ரோஸிக்குச் சந்தில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அவளுக்கு அது போதும். செருப்பு தேய்கிற பக்கத்தை வைத்தே யார், என்ன அவசரம், வீட்டில் சண்டையா, சம்பளம் வந்துவிட்டதா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். யாரும் கேட்டால் சொல்லமாட்டாள் என்பது வேறு விஷயம்.

போட்டோவில் விழாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஒரு ஞானஸ்நான விருந்தில் யாரோ அவள் கையில் போனைத் திணித்து, "எங்க எல்லாரையும் ஒண்ணு எடு" என்றார்கள். எடுத்தாள். எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லாரும் இருந்தார்கள், அவள் மட்டும் இல்லை. இதைவிடப் பெரிய வசதி ஒன்று கிடைக்குமா. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் வேலையாகப் போனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வாள். நாளாவட்டத்தில் அவள் எடுக்கும் படங்கள் நன்றாக இருக்கின்றன என்று பேச்சு வந்தது. "சிரிங்க" என்று சொல்ல அவளுக்கு வெட்கம். அதனால் ஜனங்கள் தாங்களாகச் சிரிக்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. டேனியின் ஆபீசில் யாரோ புதுப் போன் வாங்கியபோது அவருடைய பழைய போன் இவளுக்கு வந்து சேர்ந்தது. கேமரா அருமையாக இருக்கும். பேசினால்தான் கேட்காது. ரோஸிக்கு ஏற்ற போன் என்று டேனி சொல்வான்.

இப்பேர்ப்பட்ட ரோஸிக்கு வாய்த்த சிநேகிதி ஸ்வீட்டி. முழுப்பெயர் ஸ்வீட்லின் ஞானசெல்வி. பெயரில் இருக்கிற இனிப்பு நாக்கில் கிடையாது. சந்து முனையில் ஒரு மிஷின் போட்ட தையல் கடை. அவள் பேசினால் நாலாவது வீட்டில் குக்கர் விசில் கேட்காது. தண்ணீர்க் குழாயில் சண்டை என்றால் நியாயம் கேட்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்ததும் பழைய சண்டையை எல்லாரும் மறந்துபோவார்கள், ஏனென்றால் புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கும். ரோஸியும் அவளும் சின்ன வயசிலிருந்து ஒன்றாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஒருத்திக்குப் பேச வேண்டும், இன்னொருத்திக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்வீட்டியின் மனசில் ஒரு குறை மட்டும் ரொம்ப நாளாகக் கிடந்தது. கடை போட்ட நாளிலிருந்து அவள் தைத்ததெல்லாம் அடுத்தவர் கொண்டுவந்த துணி, அடுத்தவர் கொடுத்த அளவு ப்ளவுஸ். கொக்கி வை, பிடித்துக் கொடு, பிரித்துக் கொடு. "நானா ஒண்ணு தச்சு, அத ஒருத்தி பாத்து, இது எனக்கு வேணும்னு கேக்கணும்ட்டி. செத்துப்போறதுக்குள்ள ஒருத்தி கேக்கணும்" என்பாள். அதற்காகக் குர்த்தி தைக்க ஆரம்பித்தாள். கடை வாசலில் தொங்கவிட்டாள். வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு உள்ளே வந்து ப்ளவுஸைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

அப்புறம்தான் பாக்கெட் வந்தது.

அது வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நூல் வெட்டுகிற ரோஸிக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். போன், சாவி, கட்டர் எல்லாம் துணிக் குவியலில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் எரிச்சலில், மிச்சத் துணியை வெட்டி, தன் நைட்டியின் வலப்பக்கத்தில் கையாலேயே ஒரு பை தைத்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போகிற ஆழமான பை. அதற்குள் ஓரமாக விரல் அகலத்தில் ஒரு சின்னப் பை. நூல் வெட்டும் கட்டர் தொடையில் குத்தாமல் நிற்பதற்கு. ஸ்வீட்டி ஒரு நாள் பேச வந்தவள், ரோஸி அந்தப் பையிலிருந்து சாவியை எடுத்து, போனை எடுத்து, இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தியதே சந்துக்குச் செய்தி. "ஏட்டி, இது பையா கெணறா?" என்று கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

அடுத்த மாதம் ஸ்வீட்டியின் குர்த்திகளில் பாக்கெட் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். ஓரத்தில் அந்தச் சின்னப் பைகூட இருந்தது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றை விடாமல் தைத்திருந்தாள். கேட்டவர்களிடம், "அது லிப்ஸ்டிக்குக்கு" என்றாள்.

"நல்லாருக்கே, எப்படித் தோணிச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வெள்ளிக்கெழம ஜெபத்துல முழங்கால் போட்டு இருக்கேன். அப்படியே தோணிச்சு. ஆண்டவர் குடுத்தது" என்றாள் ஸ்வீட்டி.

ரோஸி அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு. கையிலிருந்த சட்டையில் ஒரு நூலைக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்ட வெட்டினாள்.

பொங்கலுக்கு முந்தின வாரக் கடைசியில் மாட்டுங்காவில் பெண்கள் நடத்தும் ஒரு கண்காட்சி உண்டு. பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விஜயலக்ஷ்மி மேடம்தான் அதை நடத்துகிறாள். ப்ளவுஸ் தைக்க ஸ்வீட்டியிடம் வருகிறவள். அவள் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்:

"ஸ்வீட்டி, ஒரு ஸ்டால் காலியா இருக்கு. ஆனா நிறைய பேர் கேக்கறா. சொந்த டிசைன் ஒண்ணாவது இருக்கணும்மா. அதை யாராவது போட்டுண்டு வெளிச்சத்துல நிக்கற மாதிரி போட்டோ வேணும், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள. ஹேங்கர்ல தொங்கறதை எடுத்து அனுப்பாதே. போன தடவை ஒருத்தி அனுப்பினா, துணி காயப்போட்ட மாதிரி இருந்தது."

ஸ்வீட்டி அதை ரோஸிக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினாள். "சொந்த டிசைன்னு சொல்லுதா பாத்தியா. பாக்கெட் குர்த்திதான். நானே போட்டுக்கிடுதேன். என் ஒடம்புக்குப் பொருந்துனா மும்பைல எவளுக்கும் பொருந்தும். நீ எடு."

ரோஸி தலையை ஆட்டினாள். சொந்த டிசைன் என்ற இடத்தில் மட்டும் தலை ஒரு கணம் நின்றுவிட்டு ஆடியது. ஸ்வீட்டி அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ரோஸி நேராக வந்தாள். ஸ்வீட்டி தன் சபைக்கு ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஃபைவ் கார்டன் பூங்காவுக்குப் போனார்கள். பெரிய பெரிய மரங்கள், இலைக்கு நடுவே சல்லடையில் சலித்தது போல் வெயில். அங்கே ஏற்கெனவே ஒரு கல்யாண ஜோடியை வைத்துப் பெரிய கேமராவோடு ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரோஸி தன் போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"என்னத்த ஒளிக்க? திருட்டு போனா?" என்றாள் ஸ்வீட்டி.

உடை மாற்றத்தான் நைட்டி. இதுவும் ரோஸியின் ஏற்பாடு. ஒரு பையில் குர்த்திகள், அதன் மேல் ரோஸியின் அந்த நைட்டி. நைட்டியை மேலே போட்டுக்கொண்டால் அதுவே கூடாரம். உள்ளே கையை இழுத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கீழே உல்லாஸ்நகரில் வாங்கிய ஜீன்ஸ், அது எல்லாக் குர்த்திக்கும் பொது. ஸ்வீட்டி ஒரு மரத்துக்குப் பின்னால் போய், நைட்டிக்குள் ஆமை மாதிரித் தலையை இழுத்து, கொஞ்ச நேரம் குலுங்கிவிட்டு, மஞ்சள் குர்த்தியோடு வெளியே வந்தாள். நடந்து வரும்போது என்ன அழகு என்று ரோஸி நினைத்தாள். போனைத் தூக்கினாள்.

அவ்வளவுதான். ஸ்வீட்டி போய்விட்டாள். அங்கே நின்றது ஆதார் கார்டு.

தோள் இரண்டும் காதுக்கு ஏறின. கை இரண்டும் தொடையோடு ஒட்டின. கண் விரிந்தது. வாய் தையல் போட்டதுபோல் மூடிக்கொண்டது. ஊர் நியாயமெல்லாம் பேசுகிற வாய்.

"கொஞ்சம் சாதாரணமா நில்லு" என்றாள் ரோஸி.

"சாதாரணமாத்தான் நிக்கேன்" என்றது ஆதார் கார்டு, உதடு அசையாமல்.

"அங்கிட்டு பாரு."

கண் மட்டும் அங்கிட்டு போனது. கழுத்து வரவில்லை.

மஞ்சள் போய் பச்சை வந்தது. பச்சையிலும் ஆதார் கார்டுதான், என்ன, நிறம் மாறிய ஆதார் கார்டு. ரோஸி வழக்கம்போல் காத்துப் பார்த்தாள். இன்றைக்குக் காத்திருந்து பயன் இல்லை என்று தோன்றியது. அவள் காத்திருக்கக் காத்திருக்க எதிரே இருப்பவள் இன்னும் விறைத்துக்கொண்டே போனாள். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது ஸ்வீட்டியின் போன் அடித்தது. மான்குர்திலிருந்து ஒரு வாடிக்கைக்காரி, ப்ளவுஸ் கை இறுக்குகிறதாம்.

"கை எறுக்குதா? நான் தச்சது எறுக்காது. நீங்க ஊருக்குப் போயி நாலு வாரம் பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு வந்து நிக்கீங்க. ப்ளவுஸ் என்ன செய்யும் பாவம், அது மான்குர்த்லயேதான இருந்துச்சு?" என்று ஸ்வீட்டி ஒரு கையை வீசினாள். இடுப்பு ஒடிந்தது. புருவம் வில்லாக வளைந்தது. பச்சைக் குர்த்தி அவள் மேல் உயிரோடு அசைந்தது. பேசி முடித்துப் போனை வைத்தாள். "சரி, எடு" என்றாள். மறுபடியும் ஆதார் கார்டு.

ரோஸிக்கு விளங்கிவிட்டது. இவளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் யாராவது இவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் வேண்டுமே. சுற்றுமுற்றும் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

போனை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பின்னால் அவள் முகம் தெரியாது. வீட்டுத் திரை மாதிரித்தான். சொன்னாள்:

"காலர் கோணலா இருக்கு."

"என்னது?"

"காலர். இடது பக்கம் சாய்ஞ்சு கெடக்கு."

"எங்கட்டி சாய்ஞ்சு கெடக்கு? என் காலரா? நூல் புடிச்ச மாதிரி இருக்கும் என் காலரு" என்று ஸ்வீட்டி கழுத்தைத் திருப்பிக் காலரைப் பிடித்தாள். கண்ணில் தீ. ரோஸி பட்டனைத் தட்டினாள்.

"கை ஒண்ணு நீளம், ஒண்ணு கட்ட."

"ஒன் கண்ணுதான் ஒண்ணு நீளம் ஒண்ணு கட்ட." ஸ்வீட்டி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். ரோஸி தட்டினாள்.

"இந்தப் பச்சை உனக்கு எடுக்கல. பாசி புடிச்ச மாதிரி இருக்கு."

"மூதி, நீதான இந்தத் துணிய எடுக்கச் சொன்ன?" தலையைச் சாய்த்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். ரோஸி தட்டினாள்.

தன் வாயிலிருந்து இதெல்லாம் வருகிறது என்று ரோஸிக்கே நம்பமுடியவில்லை. வருவது மட்டுமல்ல, ருசியாகவும் இருந்தது. குர்த்தி மாற மாற அவள் தையலை விட்டு வெளியே போனாள். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தனுப்பிய கேக் கல் மாதிரி இருந்தது என்றாள். போன வருஷம் வாங்கிய குடையைத் திருப்பித் தரவில்லை என்றாள். ஸ்வீட்டி நடந்தாள், திரும்பினாள், விரலை ஆட்டினாள், மரத்தில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொன்றும் படம்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார். குரங்குக் குல்லாவும் அரை டிராயரும் போட்டிருந்தார்.

"என்னம்மா இது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இப்படிச் சண்டை போட்டுக்கறேளே. ரெண்டு பேரும் தமிழ்க்காரா வேற."

"சண்ட இல்ல சார், போட்டோ எடுக்கோம்" என்றாள் ஸ்வீட்டி.

"போட்டோவா? குடையைத் திருப்பித் தரலைன்னாளே."

"அது ச்சும்மா சார். இவ என்னயக் கோவப்படுத்துதா. அப்பதான் போட்டோ நல்லா வருதாம்." சொல்லும்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது போலிருந்தது. ரோஸியைப் பார்த்தாள். "அடிப் பாவி. அதுக்குத்தானா?"

பெரியவருக்கு விஷயம் பிடித்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். "நடக்கட்டும், நடக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலை."

மற்றதெல்லாம் பாக்கெட் வருவதற்கு முன்னால் தைத்தவை. மிச்சம் இருந்தது கருநீலப் பாக்கெட் குர்த்தி. அதற்காகத்தான் இவ்வளவும். அந்தப் படம் இல்லையென்றால் ஸ்டால் இல்லை. ஸ்வீட்டி அதைப் போட்டுக்கொண்டு வந்து பாக்கெட்டில் கையை விட்டு நின்றாள். தோள் ஏற ஆரம்பித்தது.

"பின்பக்கம் சுருக்கம் விழுது" என்றாள் ரோஸி.

ஸ்வீட்டி சிரித்தாள். "தெரியுமே, காலி பீலி, சும்மா சொல்லுத." தோள் இன்னும் ஏறியது.

"உன் மிஷின் சத்தம் தாங்க முடியல."

"வேற சொல்லு."

"நீ பாடினா சபையில ஆள் எந்திரிச்சுப் போறாங்களாம்."

"அது நெசந்தான். வேற சொல்லு."

வித்தை தெரிந்தவளிடம் வித்தை பலிக்கவில்லை. கேமராவில் தெரிந்தது பாக்கெட்டில் கைவிட்ட ஆதார் கார்டு. பெரியவர்கூட, "வேற ஏதாவது பலமா சொல்லேன்மா" என்றார். ரோஸி யோசித்தாள். பொய் எல்லாம் தீர்ந்துவிட்டது. பையில் நிஜம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் எடுத்துவிட்டது.

"அந்தச் சின்னப் பை எதுக்கு ஸ்வீட்டி?"

"லிப்ஸ்டிக்குக்கு."

"நீ லிப்ஸ்டிக் போட்டு நான் பாத்ததே இல்லயே."

"போடுதவளுக்குத்தான்."

"அது என் கட்டருக்கு" என்றாள் ரோஸி. "பாக்கெட்டு என் நைட்டியில இருந்துச்சு. நீ கைய விட்டுப் பாத்த. ஜெபத்துல தோணல."

எங்கோ ஒரு காக்கை கத்தியது. கல்யாண ஜோடியைப் படம் எடுக்கிறவர்கள் வெளிச்சத்துக்கு வைத்திருந்த வெள்ளைக் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீதிபதி மாதிரி மெல்லக் கேட்டார்:

"அப்போ, பாக்கெட் யாரோட ஐடியா?"

ஸ்வீட்டி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத கேள்வி என்று ஒன்று இதுவரைக்கும் லேபர் கேம்ப்பில் இருந்ததில்லை. முகம் சிவந்தது. பையின் மேல் கிடந்த நைட்டியை எடுத்துத் தலைவழியாகப் போட்டாள். போட்டவள் தலையை வெளியே நீட்டவில்லை. கையையும் நீட்டவில்லை. ஃபைவ் கார்டனுக்கு நடுவில், கீழே ஜீன்ஸ் தெரிய, தலையில்லாத ஒரு பூப்போட்ட நைட்டி நின்றுகொண்டிருந்தது.

"நான் ஒரு சுத்து நடந்துட்டு வரேன்" என்று பெரியவர் எழுந்து போனார்.

ரோஸி போனை இறக்கினாள். சாயங்காலத்துக்குள் படம் போக வேண்டும். படமும் போச்சு, சிநேகிதியும் போச்சு. ஆனால் ஒன்று. எதிரே முகம் இல்லை. தன்னைப் பார்க்கிற கண் இல்லை. அந்த நைட்டியிடம் பேசுவது சுலபமாக இருந்தது.

"ஸ்வீட்டி, நான் சொன்னது பொய்யின்னு வச்சுக்கோ" என்றாள்.

"பொய்யி இல்ல, நெசம்" என்றது நைட்டி. கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றது.

"நீ ஜெபத்துல தோணிச்சுன்னு சொல்லிட்ட. பூசைக்குப் போறவ நான், ஆண்டவர் குடுக்கலன்னு எப்படிச் சொல்லுதது?"

நைட்டி லேசாகக் குலுங்கியது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு தோணணும்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா. ஒண்ணும் தோணல்ல. ஒன் நைட்டிக்குள்ள கைய விட்டதும் தோணிச்சு. அதுவும் தோணுனதுதான?"

"ஆமா. துணியெல்லாம் நீ வெட்டினது. கட் உன்னுது. பாக்கெட் மட்டும்தான்."

"பாக்கெட் மட்டும்தானா? பாக்கெட் இல்லன்னா எவ கேப்பா அத."

நைட்டிக்குள் கை ஒன்று அசைவது வெளியிலிருந்து தெரிந்தது. வலப்பக்கம் இறங்கியது. எதிலோ தட்டுப்பட்டு நின்றது. அப்படியே துணியோடு பிடித்துப் பார்த்தது.

"ஏட்டி, இங்க என்ன கெடக்கு?"

"கட்டர். எடுத்து வைக்க மறந்துட்டேன்."

ஸ்வீட்டி தலையை வெளியே நீட்டினாள். முடி குருவிக்கூடாகக் கலைந்திருந்தது. நைட்டியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அதன் பையிலிருந்து கட்டரை எடுத்தாள். அதைப் பார்த்தாள், தன் குர்த்தியைப் பார்த்தாள். கருநீலப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, அந்தச் சின்னப் பைக்குள் கட்டரைச் செருகினாள். வாளும் உறையும் மாதிரி உட்கார்ந்தது. லிப்ஸ்டிக் வைத்திருந்தால் இப்படி உட்கார்ந்திருக்காது.

கையை வெளியே எடுக்காமல் அப்படியே கீழே குனிந்து பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் இறங்கியிருந்தது. உதட்டின் ஒரு ஓரத்தில், மிட்டாய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு. தலைமேல் சலித்து விழுந்த வெயில்.

ரோஸி தட்டினாள்.

பெரியவர் சுற்றை முடித்துத் திரும்பி வந்து, "என்னாச்சு, தீர்ப்பு ஆயிடுத்தா?" என்றார்.

"அவ ஐடியாதான் சார்" என்றாள் ஸ்வீட்டி. "நான் ஆண்டவர் பேருல எழுதிட்டேன்."

சாயங்காலத்துக்கு முன்னாலேயே படங்கள் போயின. விஜயலக்ஷ்மி மேடத்தின் பதில் குரலில் வந்தது: "ரொம்ப நன்னா இருக்கும்மா. அந்த நீலம் பிரமாதம். இந்த மாடல் பொண்ணை எங்கே பிடிச்சே? உன் ஜாடை அடிக்கறது." ஸ்வீட்டி அதையும் சந்து முழுக்கப் போட்டுக் காட்டினாள்.

கண்காட்சி நாளில் ஸ்டாலுக்குப் பின்னால் அந்தக் கருநீலப் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. முதலில் ஒரு காலேஜ் பெண் வந்தாள். குர்த்தியை எடுத்துத் தடவிப் பார்த்து, பாக்கெட்டில் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் போனதும் கண்ணை அகல விரித்தாள். "ஆன்ட்டி, இது எனக்கு வேணும்" என்றாள்.

காசை வாங்கிய ஸ்வீட்டி மிச்சப் பணத்தைக் கொடுக்க மறந்து நின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"தச்சது நான். பாக்கெட் ஐடியா இவளுது. இந்தா நிக்கா பாருங்க, ரோஸி. போட்டோ எடுத்ததும் இவதான்."

சொல்லிக்கொண்டே கையைக் காட்டினாள். காலேஜ் பெண் திரும்பினாள். பக்கத்து ஊறுகாய் ஸ்டால் திரும்பியது. எதிரே கோலப்பொடி விற்கிறவள் திரும்பினாள். ஏழாம் வகுப்பு மறுபடியும் வந்துவிட்டது. ரோஸி குர்த்திகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் நழுவினாள்.

அடுத்த ஆள் வந்தாள். மறுபடியும் அதே அறிவிப்பு. அதற்கு அடுத்த ஆளுக்கும். குர்த்திகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் தாழ்ந்து வந்தது.

"ஸ்வீட்டி, ஒன்ன கையெடுத்துக் கும்பிடுதேன். ஜெபத்துல தோணிச்சுன்னே சொல்லிரு."

"பொய் சொல்லச் சொல்லுதியா? பூசைக்குப் போறவதான நீ?"

"ஆண்டவர் ஒண்ணும் நெனக்க மாட்டாரு."

"கேஸ் போட்டது நீ. தீர்ப்பு வந்தாச்சு. இப்ப வேண்டாம்னா எப்படி?" என்றாள் ஸ்வீட்டி. குரலில் குடை, கேக், கோணல் காலர் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குகிற சந்தோஷம் இருந்தது. அடுத்து வந்தவளைப் பார்த்து, "வாங்க வாங்க. கைய விட்டுப் பாருங்க. ஐடியா யாருதுன்னு சொல்லுதேன்" என்றாள்.

ராத்திரி விஜயலக்ஷ்மி மேடம் எல்லா ஸ்டாலையும் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். ஸ்வீட்டியின் ஸ்டாலில் ஸ்வீட்டி வாய் திறந்தபடி இருந்தாள், ஆதார் கார்டு இல்லை. பின்னால் குர்த்திகள் வரிசையாகத் தொங்கின. குர்த்திகளுக்குக் கீழே, வலதுபக்கம் தேய்ந்த செருப்போடு இரண்டு கால்கள் நின்றன.

டேனி போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "இந்தச் செருப்ப நான் எங்கயோ பாத்திருக்கேனே" என்றான்.

ரோஸி தரையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது குரூப்பில் மேடத்தின் குரல் வந்தது: "பின்னாடி யாரோட காலும்மா அது?"

உடனே ஸ்வீட்டியின் குரல், குழாயடியில் கேட்பது போல:

"அதுதான் மேடம் டிசைனர்."

ரோஸி அதைக் கேட்டுவிட்டு, இரண்டு காலையும் நைட்டிக்குள் இழுத்துக்கொண்டாள்.